பழைய ஃபியட் காரின் உட்புறத்துக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: தாத்தா காலத்து 1968 மாடல் ஃபியட் 1100 டிலைட். டிங்கரிங் முடிந்துவிட்டது, வெளிப்புறப் பெயிண்டுக்குப் பட்டறையில் கொடுக்கப்போகிறீர்கள். உட்புறத்தை மட்டும் வீட்டு போர்டிகோவில் நீங்களே அடிக்க ஆசை. என்ன பெயிண்ட், எப்படி அடிப்பது, சீட் ரெக்சினுக்கும் சேர்த்து அடித்துவிடலாமா?

அடிக்கலாம். பழைய வண்டியில் வீட்டில் நிதானமாகச் செய்தால் பட்டறையைவிட நன்றாக வரக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்பேன். பட்டறைக்காரர் டேஷ்போர்டின் மூலைமுடுக்கில் உட்கார்ந்து அரை நாள் தேய்த்துக்கொண்டிருக்க மாட்டார். உங்களால் முடியும். ஆனால் இரண்டு விஷயங்களை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று, வண்டியை வெளிப்புறப் பெயிண்டுக்கு அனுப்புவதற்கு முன்பே உட்புறம் முடிய வேண்டும். இரண்டு, ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பியூ, அதாவது பாலியூரித்தேன் பெயிண்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யவே கூடாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

வரிசை ஏன் முக்கியம்? டேஷ்போர்டின் மேல் விளிம்பு முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங்குக்கு அடியில் போய் முடிகிறது. கண்ணாடி மாட்டியிருக்கும்போது அடித்தால் பெயிண்ட் ரப்பரின் ஓரத்தில் நின்றுவிடும். பிறகு பெயிண்ட் உரியத் தொடங்குவதும் அந்தக் கோட்டிலிருந்துதான். வெளிப்புறத்துக்காக எப்படியும் கண்ணாடியைக் கழற்றத்தான் போகிறீர்கள். கழற்றியதும் முதலில் உள்ளே, அடுத்து கதவு நிலைகளும் கதவின் ஓரங்களும், கடைசியாக வெளியே என்று போனால் எந்த இடத்திலும் கோடு விழாது. உங்கள் பெயிண்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். கதவு நிலையை யார் அடிப்பது என்பதையும் தீர்த்துக்கொள்ளுங்கள். அதை அவரே அடிப்பது நல்லது, ஏனென்றால் அது வெளிப்புறத்தோடு ஒட்டிய நிறம்.

உங்கள் மாடல் ஒருவகையில் வசதியானது. 1964-இல் பம்பாய் குர்லா ஆலையில் பிரீமியர் கம்பெனி 1100 டி வண்டியைச் (உங்கள் டிலைட் அதுதான்) செய்யத் தொடங்கியது. எழுபதுகளில் அதே வண்டிதான் பிரீமியர் பத்மினி ஆனது. பிந்திய பத்மினிகளில் உள்ளே பிளாஸ்டிக் அதிகம். உங்கள் காலத்து வண்டியிலோ உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இரும்புத் தகடு கண்ணில் படும்: டேஷ்போர்டு, கதவு ஜன்னல் சட்டங்கள், தூண்கள், சீட்டின் அடிச்சட்டம். இவைதான் பெயிண்ட் அடிக்க வேண்டியவை. மேற்கூரைத் துணி, கதவு பேட் (கதவின் உட்பக்க உறை அட்டை), ரெக்சின், திருகும் குமிழ்கள், குரோம் பட்டைகள் ஆகியவற்றில் ஆலையிலேயே பெயிண்ட் கிடையாது. அவற்றின் மேல் நாமும் அடிக்க வேண்டாம். பழைய வண்டியின் அழகு பாதி அந்தப் பொருள்களின் தனித்தனி முகத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் மூடினால் உள்ளே சர்க்கார் ஆபீஸ் பீரோ போல ஆகிவிடும்.

நிறத்துக்கு வருவோம். இப்போது கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். அது வெயிலில் வெளுத்தது, அல்லது இடையில் யாரோ அடித்தது. குளோவ் பாக்ஸைக் கழற்றி அதன் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ஆஷ் ட்ரேக்கு அடியில், கதவு பேடுக்குப் பின்னால், டோம் லைட் அடியில் பாருங்கள். வெயில் படாத அந்த இடங்களில் ஆலை நிறம் அப்படியே இருக்கும். எவ்வளவு பளபளப்பு இருந்தது என்பதும் அங்கேதான் தெரியும். ஒரு துண்டை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் பாலிஷ் போட்டு, கையில் எடுத்துச் செல்லக்கூடிய பாகமாக இருந்தால் அதையே பெயிண்ட் கடைக்குக் கொண்டுபோங்கள். நிறத்தை அளக்கும் கருவி வைத்திருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். கலந்து வந்த நிறத்தை ஒரு தகட்டில் அடித்து, காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் வேறு. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு பழைய பெயிண்டைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பின்னால் எப்போதாவது நிறம் சரிபார்க்க வேண்டுமென்றால் அதுதான் சாட்சி.

கழற்றும் வேலையில் நான் சொல்ல அதிகமில்லை. முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்தப் பெயரை எழுதிய கவரில் போகட்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு வயரிலும் டேப் சுற்றி எண் எழுதி, கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கதவு பேடை நெம்பும்போது கிளிப்புகள் சில உடையும். சென்னையில் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், உடைந்த ஒன்றைக் கையில் எடுத்துப் போனால் வேலை சுலபம். கதவு பேடின் பின்னட்டை தண்ணீர் குடித்து வளைந்திருந்தால் திரும்ப மாட்டாதீர்கள், அதையே அச்சாக வைத்துப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.

இனி, பலரும் அவசரப்படும் இடம். டேஷ்போர்டைச் சுத்தம் செய்வது.

நம் ஊர் வண்டியின் டேஷ்போர்டில் ஐம்பது வருஷத்து வாழ்க்கை இருக்கிறது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை வைத்த சந்தனமும் குங்குமமும், சாமி படம் ஒட்டிய பசை, ஊதுபத்திப் புகை, விளக்கெண்ணெய்ச் சொட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பளபளப்புக்காகத் தடவிய டேஷ்போர்டு பாலிஷ். இந்த பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். சிலிக்கான் துளி மிச்சமிருந்தாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, சின்னச் சின்ன வட்டக் குழிகளாக நிற்கும். மீன்கண் என்பார்கள். ஒரு கோட் மேலே ஒரு கோட் அடித்தாலும் அது மறையாது.

ஆகவே முதல் வேலை உப்புத்தாள் அல்ல, துணிதான். தேய்த்துவிட்டுத் துடைத்தால் கீறல்களுக்குள் சிலிக்கான் இறங்கிவிடும். முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் குங்குமச் சாயம் முழுக்கப் போகும்வரை கழுவுங்கள். காய்ந்ததும் பெயிண்ட் கடையில் கிடைக்கும் மெழுகு, கிரீஸ் நீக்கும் திரவத்தை வாங்கி, ஒரு கையில் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்து, அது காய்வதற்கு முன்பே மறு துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் அழுக்கு கரைந்து அதே இடத்தில் திரும்பவும் படியும். துணியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தாமல் புதுப் பக்கம், புதுத் துணி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். பழைய பனியன் துணி இதற்கு அருமை. உப்புத்தாள் தேய்ப்பதற்கு முன் செய்யும் இதை இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். தேய்த்து முடித்தபின் ஒரு முறை, பெயிண்ட் அடிப்பதற்குச் சற்று முன் ஒரு முறை.

அப்புறம் பழைய பெயிண்ட் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். பார்வையில் படாத இடத்தில், வெள்ளைத் துணியில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. லாக்கர், பட்டறையில் டூகோ என்பார்கள். சுருங்கிச் சுருக்கம் விழுந்து எழும்பினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றும் ஆகவில்லையென்றால் பிற்காலத்தில் யாரோ ஹார்டனர் கலந்து அடித்தது. இது தெரியாமல் எனாமலின் மேல் நேராக டூகோ அடித்தால், தின்னர் கீழே இறங்கி மொத்தமும் அப்பளம் மாதிரி எழும்பிவிடும். எனாமல் இருந்தால் இடையில் ஒரு எபாக்ஸி பிரைமர் (இரண்டு டப்பா கலந்து பூசும் அடிப்பூச்சு) கோட் தேவை.

ஒட்டிக்கொண்டு நல்ல நிலையில் இருக்கும் பழைய பெயிண்டை இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துரு இல்லாத இடத்தில் ஆலைப் பெயிண்டைவிட நல்ல அஸ்திவாரம் நம்மால் போட முடியாது. துரு, கொப்புளம், வெடிப்பு இருக்கும் இடங்களில் மட்டும் இரும்புவரை போங்கள். மற்ற இடங்களில் 320, அடுத்து 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும்.

தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளுக்கே ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த தூசி காற்றில் பறந்து வீட்டுக்குள் போகும், சின்னக் குழந்தைகளுக்கு அது விஷம். தேய்த்த சேற்றைப் பழைய செய்தித்தாளில் துடைத்தெடுத்துக் கட்டிவிடுங்கள், கழுவிச் செடிக்கு விடாதீர்கள். அதே காரணத்துக்காக ஹீட் கன் வைத்துப் பெயிண்டைக் காய்ச்சி எடுக்கும் வேலையும் வேண்டாம். பெயிண்ட் ரிமூவரைக் கேபினுக்குள் பயன்படுத்துவது அதைவிட ஆபத்து. மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரின் ஆவி மூடிய இடத்தில் ஆளையே கொன்றிருக்கிறது. கழற்றக்கூடிய பாகமாக இருந்தால் வெட்டவெளியில் வைத்துச் செய்யலாம், அதற்கும் கையுறை வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பள்ளங்களை நிரப்பப் பட்டி வைத்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும், பெயிண்டுக்கு அடியில் அது துருவாக வெளியே வரும். பட்டியை மாஸ்க் போட்டுக் காய்ந்தபடியே தேயுங்கள்.

தரை விரிப்பைத் தூக்கியதும் மனசு கலங்கும், தயாராக இருங்கள். ரப்பர் மேட்டுக்கு அடியில் இருக்கும் சணல் விரிப்பு மழைத்தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கி வைத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது பெயிண்ட் வேலை அல்ல, வெல்டிங் வேலை. அதை மூடிப் பெயிண்ட் அடிப்பது வண்டிக்குச் செய்யும் துரோகம். தகடு கெட்டியாக இருந்து மேலே மட்டும் துரு என்றால், கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் ரஸ்ட் கன்வெர்ட்டர். டானிக் அமிலம் உள்ள கன்வெர்ட்டர் துருவோடு சேர்ந்து கறுப்பாக மாறும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்தார்களே, அதே வேதியியல்தான். கன்வெர்ட்டரை நல்ல இரும்பின் மேலோ பழைய பெயிண்டின் மேலோ வழியவிடாதீர்கள், டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிடுங்கள். அதற்குமேல் எபாக்ஸி பிரைமரை பிரஷ்ஷாலேயே பூசலாம். அது காய்ந்ததும் தகடு சேரும் இடங்களில் எல்லாம் சீம் சீலர், அதாவது இடுக்கை அடைக்கும் பசை. மேலே ஒரு கறுப்புக் கோட் போதும், தரைக்கு அழகு தேவையில்லை.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியே மழைநீர் கதவுக்குள் போவது இயல்பு, அது வெளியேறும் வழி அந்தத் துளைகள்தான். பிரைமரோ சீலரோ அவற்றை அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். பழைய வண்டிகளின் கதவு அடியில் துரு பிடிப்பதற்குப் பெரும்பாலும் அடைபட்ட இந்தத் துளைகளே காரணம். கதவு பேடுக்குப் பின்னால் இருந்த பாலிதீன் தாளையும் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள்.

இப்போது எந்தப் பெயிண்ட் என்ற கேள்வி. பட்டறையில் இன்று எல்லோரும் அடிப்பது ஹார்டனர் கலந்த பியூ. உறுதியில் அதற்கு நிகரில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். அதற்குத் தனியாக வாசனையும் இல்லை, மாஸ்க் ஃபில்டர் தீர்ந்துபோனால் உங்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. போர்டிகோவில் அது நடக்கிற காரியமில்லை, பக்கத்து வீட்டு ஜன்னலும் இருக்கிறது. டூ-கே என்று போட்டு விற்கும் ஸ்ப்ரே கேன்களிலும் பெரும்பாலும் இதே ஹார்டனர்தான், அவையும் வேண்டாம்.

வீட்டுக்கு என் சிபாரிசு என்.சி. லாக்கர், அதாவது பழைய டூகோதான். வெளிப்புறத்தில் அது வெயிலுக்குச் சீக்கிரம் மங்கும், வெளிப்புறத்துக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே அந்தக் கவலை குறைவு. நிமிஷங்களில் தூசிக்குத் தப்பிவிடும் அளவு காயும், வழிந்தால் மறுநாள் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம், பத்து வருஷம் கழித்து ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், ஏனென்றால் புதுக் கோட் பழையதோடு கரைந்து சேர்ந்துவிடும். எபாக்ஸி பிரைமர் இரண்டு டப்பா கலப்பதுதான் என்றாலும் அதில் வழக்கமாக ஐசோசயனேட் இருக்காது. வாங்கும்போது ஹார்டனர் டப்பாவின் லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். தோலில் பட்டால் அரிப்பு வரும், கையுறை அவசியம்.

டூகோவுக்கும் சாதாரணத் துணி மாஸ்க் போதாது. தின்னர் ஆவியை வடிகட்டும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி வேண்டும். இன்னொன்று, தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. கார் கேபின் ஒரு பெட்டி, ஆவி தரையில் தேங்கி நிற்கும். பழைய ஹாலஜன் விளக்கு, சாதாரண டேபிள் ஃபேன், பக்கத்தில் பூஜை விளக்கு, எந்தப் பொறியும் போதும். நான்கு கதவையும் கழற்றிவிட்டோ முழுக்கத் திறந்துவைத்தோ அடியுங்கள். கழற்ற முடிந்த எதையும் கேபினுக்குள் அடிக்காதீர்கள். குளோவ் பாக்ஸ் மூடி, ஆஷ் ட்ரே, சீட் சட்டம் எல்லாவற்றையும் வெளியே கம்பியில் தொங்கவிட்டு அடிக்கலாம். முதலில் அந்தச் சின்ன பாகங்களில் கை பழகட்டும், டேஷ்போர்டு கடைசியாக.

நேரம் பார்த்து அடியுங்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் டூகோ வெளுத்துப் பால் படிந்த மாதிரி ஆகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, அதில் ஈரம் படிவதுதான் காரணம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள். மாசியும் பங்குனியும் நல்ல காலம், பனி விலகிய பிறகு, வெயில் ஏறும் முன் முடியுங்கள். வெளுத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம், காய்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லியதாக ஒரு தூவு தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மாலையில் அடித்தால் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் பெயிண்டில் உட்காரும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கும் முறை கடினமில்லை. ஸ்ப்ரே கன்னில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடட்டும். டேஷ்போர்டில் மீட்டர், குமிழ், ரேடியோ என்று துளைகள் நிறைய. முதலில் துளைகளின் உள்விளிம்புகளையும் மடிப்புகளையும் லேசாக அடித்துவிட்டு, பிறகு பரப்பை அடியுங்கள். நேர்மாறாகச் செய்தால் விளிம்பில் பெயிண்ட் சேர்ந்து வழியும். முதல் கோட் தூவல் மாதிரி இருக்கட்டும், கீழே இருப்பது தெரிந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே பதினைந்து நிமிஷமாவது விடுங்கள். கண்ணாடிக்கு அடியில் வரும் மேல் பரப்பை அளவுக்கு மீறிப் பளபளக்க வைக்காதீர்கள். மதிய வெயிலில் அது முன் கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுபவர் கண்ணைக் கூசும். மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுக்க இறுகும் முன் எடுத்துவிடுங்கள். சேசிஸ் எண் தகடு, ஆலைத் தகடு எதிலும் ஒரு துளி படக்கூடாது.

சீட் ரெக்சினுக்கு வருகிறேன். சாதாரணப் பெயிண்டை அதில் அடிக்காதீர்கள். ரெக்சினை மிருதுவாக வைக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே வந்து பெயிண்டை இளக வைக்கும். வெயிலில் பிசுபிசுப்பாகும், உட்கார்ந்து எழுந்தால் வெடிக்கும். வினைலுக்கென்றே விற்கும் சாயம் இருக்கிறது, தையல் விடாமல் நிறம் மட்டும் போயிருந்தால் அதை அடிக்கலாம். கிழிந்திருந்தால் புதிதாகத் தைப்பதுதான் சரி, பழைய உறையைப் பிரித்து அதையே வெட்டு அளவாகக் கொடுங்கள். ஸ்டீயரிங் வெடிப்புகளை எபாக்ஸி பட்டியால் அடைத்துத் தேய்த்து நீங்களே தயார் செய்யலாம். ஆனால் கை வியர்வை தினமும் படும் இடம், டூகோ தாங்காது. அதை மட்டும் பெயிண்டரிடம் கொடுத்து வெளிப்புறத்தோடு சேர்த்து பியூ அடித்துவிடுங்கள்.

வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டதால் 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அந்தப் பதிவு வந்தால் வண்டியைத் தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சேசிஸ், பாடி, எஞ்சின் மூலவடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் போட்டோக்களை பத்திரமாக வைத்திருங்கள், வெளிப்புற நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்.

அடித்து முடித்ததும் மாட்ட அவசரப்படாதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே தின்னர் இருக்கும், சீக்கிரம் மாட்டினால் வாஷரும் ரப்பர் பீடிங்கும் அச்சு விழுந்துவிடும். ஒரு வாரமாவது விடுங்கள். வண்டி பெயிண்டரிடமிருந்து திரும்பியதும் முதலில் மேற்கூரைத் துணி ஏறட்டும், ஏனென்றால் அதன் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகிறது. அடுத்து கண்ணாடிகள், வயரிங், டேஷ்போர்டு மீட்டர்கள், கதவு பேட். சீட் கடைசி.